பூசணி டாமியைப் படித்த பிள்ளைகள்

சாண்டிஃபோர்டு தொடக்கப்பள்ளியின் நூலகத்தில் சரித்திரப் புத்தகங்கள் இருந்த அலமாரிக்கு நேர் மேலேதான் ஏசி இருந்தது. வெயில் காலத்தில் பையன்கள் அந்த அலமாரியைச் சுற்றிக் கூட்டமாக நிற்பதைப் பார்த்து, புதிதாக வந்த ஆசிரியர்கள் சந்தோஷப்படுவார்கள். மெர்லீன் டோங்கோவா சந்தோஷப்பட மாட்டாள். பதினொரு வருஷமாக அந்த நூலகத்தில் உதவியாளராக இருந்தவள் அவள். காற்று வாங்க வந்தவன் யார், புத்தகம் எடுக்க வந்தவன் யார் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் நூலகம். ஆளுக்கு ஒரு புத்தகம் கட்டாயம் எடுத்தாக வேண்டும். பெண்பிள்ளைகள் குதிரைக் கதை எடுப்பார்கள். பையன்கள் சுறாமீன் படம் போட்டதாகப் பார்த்து எடுத்து, பைக்குள்ளேயே ஒரு வாரம் ஊறவைத்து, வாழைப்பழக் கறையோடு திருப்பிக் கொடுப்பார்கள். சரித்திரப் பக்கம் கை வைத்தது ஒரே ஒருத்திதான். மெர்லீனின் தங்கை நோரீனுடைய மகள் ரோஷெல் டோங்கோவா. பதினொரு வயது. அந்த அலமாரியை இரண்டு முறை முழுக்கப் படித்து முடித்துவிட்டு, மூன்றாவது முறை தொடங்கியிருந்தாள்.

மழைக்கால வியாழக்கிழமை ஒன்றில், மைதானமெல்லாம் தண்ணீர் நின்றதால், மதிய இடைவேளைக்குப் பிள்ளைகளை நூலகத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். ப்ரோடி கீகன் மேஜை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு முனகினான். அவன் அப்பா ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் குட்டி ரயிலின் ஓட்டுநர். பையன் பந்தைக் கையில் எடுத்தால் புலி, புத்தகத்தை எடுத்தால் சாவு வீட்டு முகம்.

"மிஸ், ஏதாவது படம் போடுங்களேன்."

"எத்தனை புத்தகம் இருக்கு, எடுத்துப் படியேன்."

"செத்தவங்களைப் பத்திப் படிச்சு எனக்கு என்ன மிஸ் ஆகப்போகுது?"

"செத்தவன் எடுத்த எடுப்புல சாகலைடா. முதல்ல ஓடினான். பின்னாலயே நாய் ஓடி வந்துச்சு. உங்க மைதானத்துக்குப் பின்னால ஓடை இருக்குல்ல, அதுல மூணு நாள் கழுத்தளவு தண்ணியில நின்னான்."

ப்ரோடி தலையைத் தூக்கினான். "அதுல முதலை இருக்குமே மிஸ்."

"இருந்துச்சு."

அது மெர்லீனின் பாட்டனாருடைய அப்பாவின் கதை. பசிபிக் கடலில் இருக்கும் டோங்கோவா தீவிலிருந்து பதினாலு வயதில் கப்பலில் தூக்கிக்கொண்டு வரப்பட்டு, ஆஸ்திரேலியாவின் இந்தச் சாண்டிஃபோர்டுக் கரும்புக் காட்டில் கூலி வேலைக்கு இறக்கப்பட்டவர். தீவின் பெயரே குடும்பத்துக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. மெர்லீன் அந்தக் கதையைச் சொன்னாள். மணி அடித்தது. ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு நூலகத்தில் ஒரு விருந்தாளியும் இருந்தாள். பிரிஸ்பேனில் பிள்ளைகள் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்திலிருந்து, பள்ளிகளுக்கு மாதிரிப் பிரதிகள் கொடுக்க வந்த பிப்பா ஹாலோரன். பிள்ளைகள் போன பிறகும் அவள் அந்தச் சின்ன நாற்காலியிலிருந்து எழவில்லை.

"அந்தப் பையன் மூஞ்சியைப் பார்த்தீங்களா மெர்லீன்? இதை எழுதுங்க. படிக்கவே பிடிக்காத பிள்ளைங்களுக்காக ஒரு புத்தக வரிசை கொண்டுவர்றோம். சரித்திரம்தான். ஆனா சிரிக்கணும், உவ்வேன்னு சொல்லணும், அடுத்த பக்கத்தைத் திருப்பணும்."

"நான் எழுத்தாளர் இல்லீங்க. முத்திரை குத்துறவ."

"முத்திரை குத்துறவங்களுக்குத்தான் தெரியும், எந்தப் புத்தகம் வெளிய போகும், எது போகாதுன்னு."

ஏழு மாதம், சமையலறை மேஜையில் உட்கார்ந்து மெர்லீன் எழுதினாள். எழுதியதை அனுப்பினாள். பிப்பா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா பத்தாவது பக்கத்துல மூடி வெச்சிருவாங்க. உங்க பாட்டன் ரொம்ப நல்லவரா இருக்கார் மெர்லீன். கல்தாங்னு அவரோட பேரும் பிள்ளைங்க வாயில நிக்காது. அவருக்குப் பட்டப்பேரு ஏதாவது இருந்துச்சா?"

இருந்தது. தோட்டத்தில் எல்லோருக்குமே ஒன்று இருந்தது. சொந்தப் பெயரைக் கேட்டு எழுதப் பொறுமை இல்லாத மேற்பார்வையாளர், ஒருவனுக்கு வாளி என்றும் இன்னொருவனுக்குத் திங்கட்கிழமை என்றும் எழுதி வைத்தார். கல்தாங்குக்கு எழுதியது பூசணி டாமி. கப்பலிலிருந்து கடலுக்குள் குதிக்கப் பார்த்ததற்காகக் கப்பல்காரர்கள் துடுப்பால் அடித்ததில், கரையேறும்போது அவர் முகம் இரண்டு கண்ணும் தெரியாமல் வீங்கியிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வைத்த பெயர் அது. மெர்லீனின் அம்மா தன் இரண்டு பெண்களுக்கும் இதை ஒரே ஒரு முறை சொன்னாள். இறால் உரித்துக்கொண்டிருந்தாள் அப்போது. சொல்லி முடித்துவிட்டு, "இந்தப் பேரு இனி இந்த வீட்டுக்குள்ள கேக்கக் கூடாது" என்றாள். அதன் பிறகு கேட்டதில்லை.

மெர்லீன் பெயரை மட்டும் பிப்பாவிடம் சொன்னாள். காரணத்தைச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. நல்ல மனுஷியின் சிரிப்புத்தான், ஆனாலும் மெர்லீன் தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். அதே நேரம் ப்ரோடி கீகன் சிரிப்பதும் அவள் காதில் கேட்டது. பதினொரு வருஷமாக அந்தச் சிரிப்பைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தில் பெயருக்கு வேறு காரணம் வந்தது. பசி தாங்காத டாமி, மேற்பார்வையாளர் கண்காட்சிக்காக வளர்த்த பூசணியைத் திருடி, பச்சையாக விதையோடு தின்று, மூன்று மணி நேரம் கழிவறைக் குடிசையை விட்டு வெளியே வர முடியாமல் கிடக்கிறான். அந்த அத்தியாயத்தை எழுதும்போது மெர்லீனே வாய்விட்டுச் சிரித்தாள்.

நோரீன் சிரிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்துவிட்டு, சீருடையோடு வந்து நின்று அந்தத் தாள்களைப் படித்தாள்.

"அக்கா, உனக்கு என்ன பைத்தியமா?"

"முழுசாக் கேளுடி. சிரிச்சுக்கிட்டே உள்ள வருவாங்க. வந்தப்புறம் கதவைச் சாத்திருவேன். கடைசி அத்தியாயத்துல மூஞ்சி வீங்கின நிஜக் கதையைச் சொல்றேன். அவரோட நிஜப் பேரைச் சொல்றேன். இதுக்கா இவ்வளவு நேரம் சிரிச்சோம்னு அவங்களுக்கே வெக்கமா இருக்கும்."

"பத்து வயசுப் பிள்ளைங்களையா வெக்கப்பட வெக்கப் போற? நம்மகூடப் படிச்சவனுங்க நாப்பது வயசாகியும் வெக்கப்படல."

ரோஷெல்லும் படித்தாள். படித்துவிட்டு, தாள்களை நேராகத் தட்டி அடுக்கினாள். "பெரியம்மா, பூசணி தின்னது நடக்கலையே. அம்மா வேற மாதிரில்ல சொன்னாங்க."

"கடைசி வரைக்கும் படி கண்ணு. அங்க வரும்."

கடைசி அத்தியாயம் பதினாலு பக்கம். வீங்கிய முகம், பெயர் இல்லாமல் கரும்புக் காட்டு மூலையில் புதைக்கப்பட்டவர்கள், தீவுக்குத் திரும்பிப் போகவே முடியாமல் இங்கேயே கிழவரான கல்தாங். பிப்பா அதைப் படித்துவிட்டு அழுததாகச் சொன்னாள். மெர்லீன் அதை நம்பினாள், பொய் சொல்லும் ஆள் இல்லை அவள்.

"ஆனா இந்தப் புத்தகத்துல வேணாம் மெர்லீன். புத்தகத்தை மூடும்போது பிள்ளைங்க சந்தோஷமா மூடணும். அப்பதான் அடுத்ததைத் தேடி வருவாங்க. பின்னால ஆசிரியர் குறிப்புன்னு அரைப் பக்கம் போட்டுரலாம். விவரம் வேணுங்கிறவங்க அதுல படிச்சுக்குவாங்க."

யாரும் அவள் கையை முறுக்கவில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். அட்டைப்படம் ஏற்கனவே தபாலில் வந்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. பச்சை நிறத்தில் கரும்பு, ஆரஞ்சு நிறத்தில் பூசணி, அதற்குக் கீழே அவளுடைய பெயர். சரி என்று சொன்னாள்.

ஏப்ரல் கடைசியில் புத்தகம் வந்தது. நூலகத்துக்கு ஆறு பிரதிகள். ப்ரோடி கீகன் அட்டையைப் பார்த்துவிட்டு, "மிஸ், இது நீங்களா?" என்று கேட்டான். அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் எடுத்துக்கொண்டு போனான். இரண்டு நாளில் திரும்பி வந்தான்.

"முடிச்சுட்டேன்."

"பொய் சொல்லாதடா."

"சத்தியமா மிஸ். கப்பல் பேரு ஹெலன் மேரி. கரையில நிறுத்தி வெச்சு ஒவ்வொருத்தனா வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாங்க, மாட்டைப் பார்க்கிற மாதிரி. ராத்திரி தப்பிச்சு ஓடினப்போ அஞ்சு நாய். அதுல ஒண்ணுக்கு ஒரு காது கிடையாது. கக்கூஸ் கதையை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன், அவருக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துருச்சு. இது எல்லாம் நிஜமா நடந்ததா மிஸ்?"

"நிஜமா நடந்தது" என்றாள் மெர்லீன்.

ஒரு மாதத்தில் ஆறு பிரதிகளும் கிழிந்து ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. கணக்கு வகுப்பில் மேஜைக்கு அடியில் வைத்துப் படித்து நான்கு பேர் மாட்டினார்கள். ப்ரோடியின் அம்மா பள்ளிச் சிற்றுண்டிக் கடையில் மெர்லீனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என் மகன் இதுவரைக்கும் ஒரு புத்தகத்தைக் கடைசி வரைக்கும் படிச்சதில்லைங்க. நீங்க என்ன மாயம் பண்ணினீங்களோ தெரியல." ப்ரோடி அதோடு நிற்கவில்லை. கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்த கதையை எடுத்தான். எகிப்தியப் பிணங்களைப் பற்றிய தடிப் புத்தகத்தை எடுத்தான். அவனைப் பார்த்து மற்றவர்கள் எடுத்தார்கள். அலமாரியில் முதல் முறையாகச் சந்து விழுந்தது. சாயங்காலம் நூலகத்தைப் பூட்டுவதற்கு முன்னால், மெர்லீன் அந்தக் காலி இடங்களை ஒருதரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள். வட்டாரப் பத்திரிகையில் அவள் படம் வந்தது. சந்தையில் ஆட்கள் நிறுத்திப் பேசினார்கள். அந்த மூன்று மாதம் அவள் உடம்பே லேசாக இருந்தது.

ரோஷெல் நூலகத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். மெர்லீன் அதைக் கவனிக்கவே இல்லை.

ஆகஸ்டில் புத்தக வாரம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த புத்தகத்தில் வரும் ஆளாக வேஷம் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் வருவார்கள். கரும்பு வெட்டும் பருவம். வெட்டுக்கு முன்னால் சருகு எரிய முந்தின நாள் கொளுத்திய கரும்புக் காட்டிலிருந்து கருஞ்சாம்பல் பறந்துவந்து, வெள்ளைத் துணி விரித்த மேஜைகளில் விழுந்துகொண்டிருந்தது. கடற்கொள்ளைக்காரர்கள் வந்தார்கள், சூனியக்காரிகள் வந்தார்கள், அப்புறம் பூசணிகள் வந்தன. ஆரஞ்சுக் காகிதத்தை ஒட்டிச் செய்த தலைகள், பலூனில் வண்ணம் அடித்த தலைகள். மொத்தம் பதினொன்று. தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் மெர்லீனின் பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். மெர்லீனும் தட்டினாள்.

இடைவேளையில், பரிசு கொடுப்பதற்காகப் பூசணிகளைத் தேடிக்கொண்டு அவள் குடிதண்ணீர்க் குழாய்களுக்குப் பின்னால் போனாள். நாய் குரைக்கிற சத்தம் கேட்டது. பையன்கள்தான் குரைத்துக்கொண்டிருந்தார்கள். கம்பி வேலியில் முதுகை ஒட்டிக்கொண்டு ரோஷெல் நின்றாள். அவள் வேஷம் எதுவும் போடவில்லை, பள்ளிச் சீருடையில்தான் இருந்தாள். அவளுக்கு முன்னால் ப்ரோடி ஒரு துடைப்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"வாயைத் திற. பல்லைக் காட்டு."

ரோஷெல் வாயைத் திறந்தாள். மறுக்கவில்லை, தயங்கக்கூட இல்லை. சீக்கிரம் முடிந்தால் போதும் என்பதுபோலத் தலையைக் கொஞ்சம் அண்ணாந்து காட்டினாள். ஒருவன் எட்டிப் பார்த்தான். "நல்ல சரக்குத்தான்" என்றான். அது இருபத்து மூன்றாம் பக்கத்தில் மெர்லீன் எழுதிய வசனம்.

"இருபது வரைக்கும் எண்ணுவோம். ஓடு பூசணி."

ரோஷெல் ஓடத் தொடங்கினாள். அழவில்லை. கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரச் சொன்னால் ஓடுவாளே, அப்படி ஓடினாள்.

மெர்லீன் போட்ட சத்தத்தில் மைதானமே திரும்பிப் பார்த்தது. பையன்கள் குரைப்பதை நிறுத்தினார்கள். ப்ரோடி மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தான்.

"மிஸ், பார்த்தீங்களா? அப்படியே உங்க புத்தகம்தான். ஒரு வரிகூட மாத்தல. காது இல்லாத நாய் இவன்."

"ரோஷெல் ஏன்டா? ரோஷெல்லை ஏன்டா நிக்க வெச்சீங்க?"

அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "அவளோட தாத்தாதானே மிஸ். நாங்க யாராவது பண்ணினா நிஜம் மாதிரி இருக்காதே."

ரோஷெல்லை நூலகத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். பெண் நாற்காலியில் உட்கார்ந்து, காலுறையில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"மே மாசத்துலேருந்து."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க பெரியம்மா."

தலைமையாசிரியர் ஹோல்ஸ்வர்த் மோசமான மனிதர் இல்லை. பையன்களைக் கூப்பிட்டுப் பேசுவதாகச் சொன்னார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பேசறேன் மெர்லீன். ஆனா என்னன்னு சொல்லிப் பேசறது? உங்க புத்தகத்துல இருக்கிறதைத்தான் விளையாடினோம்பாங்க. அந்த வகுப்போட வாசிப்பு மதிப்பெண் இந்த வருஷம்தான் ஏறியிருக்கு. புத்தகத்தை எடுத்துடலாம்னு சொல்றீங்களா?"

"எடுக்க வேணாம். எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்க."

வெள்ளிக்கிழமை, வெட்டி எறியப்பட்ட பதினாலு பக்கங்களோடு அவள் அந்த வகுப்பின் முன்னால் நின்றாள். ரோஷெல்லை அன்றைக்குப் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். படிக்க ஆரம்பித்தாள். முதல் இரண்டு பக்கம் பிள்ளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருந்தார்கள், வேடிக்கை எப்போது வரும் என்று. மூன்றாவது பக்கத்தில் ஒருத்தி ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினாள். துடுப்பால் அடித்த இடம் வந்தபோது இரண்டு பேர் முகம் மாறியது, அவ்வளவுதான். புதைகுழிகளைப் பற்றி வந்தபோது பின்வரிசையில் யாரோ ஒருவன் காலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தான். முழுக்க முழுக்கக் கேட்டவன் ப்ரோடி ஒருவன்தான். அவள் தாளை மடித்ததும் கையைத் தூக்கினான்.

"அப்போ அவர் பூசணியைத் திருடலையா?"

"இல்ல."

"கக்கூஸ்ல மூணு மணி நேரம் உக்காந்தது?"

"அது நான் சேர்த்தது."

"நான் கேட்டேனே மிஸ். நிஜமா நடந்ததான்னு கேட்டேன். நிஜமா நடந்ததுன்னு சொன்னீங்க."

அவன் காது மடல்கள் சிவந்துபோயிருந்தன. அப்பாவுக்குப் படித்துக் காட்டியதை நினைத்திருப்பான். எதிர்பார்த்த வெட்கம் அவன் முகத்தில் வந்திருந்தது. ஆனால் அவள் நினைத்த காரணத்துக்காக வரவில்லை.

"கல்தாங்னு அவர் பேரை ஏன் முதல்லயே எழுதல?"

"எழுதியிருந்தா நீ படிச்சிருப்பியாடா?"

அவன் நேர்மையான பையன். யோசித்தான். "மாட்டேன்" என்றான். பிறகு, "ஆனா பொய் சொன்னது நான் இல்லையே மிஸ்" என்றான்.

திங்கட்கிழமை காலையில், கைதிகளின் கப்பலைப் பற்றிய புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுத்தான்.

"முடிச்சுட்டியா?"

"இல்ல மிஸ். இதுவும் யாராவது சும்மா சேர்த்து எழுதினதா இருக்கும்."

அதற்குப் பிறகு அவன் சுறாமீன் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டான். ஏசிக்கு அடியில்கூட வந்து நிற்கவில்லை.

நோரீன் அந்த வாரக் கடைசியில் வந்தாள். மெர்லீன் தேநீர்க் கோப்பையை எடுத்து வைத்தாள். நோரீன் உட்காரவில்லை.

"உன்னைத் திட்ட வரலக்கா. திட்டினா ஆறிடும். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். மூணு மாசமா என் பொண்ணு பல்லு விளக்கும்போது கதவைத் தாப்பாள் போட்டுக்கிட்டா. ஏன்டின்னு கேட்டா, யாரும் பாக்கக் கூடாதுன்னு சொன்னா. வயசுக்கு வர்ற பொண்ணு, கூச்சப்படுதுன்னு நினைச்சேன். நான் அவ்வளவு பெரிய முட்டாள்."

"நோரீன், நான் இதை எதுக்கு எழுதினேன்னு உனக்குத் தெரியாதா? பத்துப் பேராவது தெரிஞ்சுக்கட்டும்னுதானே..."

"தெரிஞ்சுக்கிட்டாங்கள்ல. முன்னாடி அவங்களுக்கு நம்மளைப் பத்தி ஒண்ணும் தெரியாது. என் பொண்ணு பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போயிட்டு வந்தா. இப்பத் தெரியுது. எங்க அடிச்சா வலிக்கும்னு பக்க எண்ணோட தெரியுது."

மெர்லீன் பிரிஸ்பேனுக்குத் தொலைபேசி செய்தாள். அடுத்த பதிப்பில் பெயரை மாற்ற வேண்டும், பதினாலு பக்கத்தையும் சேர்க்க வேண்டும் என்றாள். பிப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். உண்மையிலேயே வருத்தப்பட்டாள்.

"எனக்கே மனசு கேக்கல மெர்லீன். ஆனா அந்தப் பேருலதான் புத்தகம் போகுது. மூணாவது பதிப்பு அச்சுக்குப் போயிருச்சு. நியூசிலாந்துலகூடக் கேக்கறாங்க. வேணும்னா குறிப்பை ஒரு பக்கமாக்கித் தர்றேன். இன்னொண்ணு, ரெண்டாவது புத்தகத்தை எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

"ரெண்டாவது கிடையாது."

"யோசிச்சுச் சொல்லுங்க. வரிசையை நிறுத்த முடியாது. ஒப்பந்தத்துல எப்படி இருக்குன்னு ஒரு தடவை பாருங்க."

பார்த்தாள். கையெழுத்துப் போடும்போது படிக்காமல் விட்ட பக்கத்தில் இருந்தது. பூசணி டாமி என்ற பெயரும் உருவமும் வரிசைக்குச் சொந்தம். அவள் எழுதாவிட்டால் வேறொருவரை வைத்து எழுதிக்கொள்ளலாம்.

எழுதினார்கள். சிட்னிக்காரர் யாரோ ஒருவர் எழுதினார். அதில் பூசணி டாமி ஒரு கப்பலைக் கடத்திக்கொண்டு போய்ப் புதையல் தேடுகிறான். ஜனவரிக் கடைசியில், புது வகுப்புகள் தொடங்குவதற்கு முன்னால், நூலகத்துக்குப் பெட்டி வந்தது. மெர்லீன்தான் பிரித்தாள். முதல் பக்கத்தில் எழுத்தாளர் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'பூசணி டாமி, மெர்லீன் டோங்கோவா படைத்த கதாபாத்திரம்.'

அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எட்டுப் பிரதிகளுக்கும் முத்திரை குத்தி, எண் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியில் வைத்தாள். அது அவள் வேலை. வகுப்பு தொடங்கின வாரமே எட்டும் வெளியே போய்விட்டன. கீழ் வகுப்புப் பிள்ளைகள் பெயரெழுதிக் காத்திருந்தார்கள்.

பதினாலு பக்கத்தையும் அவளே தட்டச்சு செய்து, நகல் எடுத்து, நூல் கோத்து ஒரு சின்னப் புத்தகமாக்கி அதே அலமாரியில் வைத்திருந்தாள். தலைப்பு வெறும் 'கல்தாங்'. ஒரு வருஷத்தில் அதை எடுத்தது ஒரு ஆள். புதிதாக வந்த ஆசிரியை. எடுத்தவளும் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டு மாற்றலாகிப் போனாள்.

ரோஷெல்லை நோரீன் அடுத்த ஊர்ப் பள்ளிக்கு மாற்றிவிட்டாள். பேருந்தில் முக்கால் மணி நேரம். மாற்றியதையும் மெர்லீனிடம் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்டிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். தங்கை வீட்டுக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு போவாள். ஒருநாள் தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கு, ஒருநாள் கோழி. நோரீன் பாத்திரத்தை வாங்கிக்கொள்வாள், கழுவித் திருப்பிக் கொடுப்பாள், நடுவில் பேச்சு இருக்காது.

ஒரு சனிக்கிழமை மதியம் போனபோது ரோஷெல் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வளர்ந்திருந்தாள். மடியில் எதுவும் இல்லை. முன்பெல்லாம் அந்த மடியில் புத்தகம் இல்லாமல் பார்க்க முடியாது.

"புதுப் பள்ளிக்கூடம் எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்ல."

"நூலகம் இருக்கா அங்க?"

"பெரிசா இருக்கு. அங்கயும் இருக்கு பெரியம்மா. ரெண்டு புத்தகமும். எங்க வகுப்புல எல்லாரும் படிச்சிருக்காங்க."

மெர்லீனுக்குக் கையிலிருந்த பாத்திரம் சுட்டது. மாற்றிப் பிடிக்கத் தோன்றவில்லை.

"யாராவது உன்னை..."

"இல்ல. நான் யாருன்னு அங்க யாருக்கும் தெரியாது. அம்மா என்னை எங்க அப்பாவோட குடும்பப் பேருல சேர்த்திருக்காங்க. இப்ப நான் ரோஷெல் பார்க்கர்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. புதுச் செருப்பு வாங்கினேன் என்பதுபோலச் சொன்னாள். அதுதான் மெர்லீனை நிற்க விடாமல் செய்தது. அவளும் படியில் உட்கார்ந்தாள்.

"உனக்குப் பிடிச்சிருக்கா அந்தப் பேரு?"

"எழுதறதுக்குச் சுலபமா இருக்கு" என்றாள் ரோஷெல். "யாரும் என்ன பேரு இதுன்னு கேக்கறதில்ல."

உள்ளே நோரீன் யாரென்று கேட்டாள். பெரியம்மா என்று ரோஷெல் சொன்னாள். உள்ளேயிருந்து வேறு சத்தம் வரவில்லை. ரோஷெல் எழுந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மூடியைத் திறந்து வாசம் பார்த்தாள் போலிருக்கிறது, கோழிம்மா என்று அவள் சொல்வது வாசல் வரைக்கும் கேட்டது.